அம்மாவின் கம்மலும் காளான் சாறும்

என் அம்மாவுக்கு,

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால்தான் அழாமல் எழுத முடிகிறது.

சாமைக் கொல்லை ஓரம் விழுந்து கிடந்த மரத்தில் முளைத்த காளானை இலையில் கட்டிக்கொண்டு, ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, என் கல்லூரிக்கே வந்தாயே! அதன் சாற்றில் ஒரு நொதி இருக்கிறது, உலோகக் கம்பியிலிருந்து அது எலக்ட்ரானை நேராக வாங்குமா என்று பார்க்கப்போகிறேன் என்றேன். நடுவில் வேறொரு மருந்து கைமாற்றிக் கொடுத்தால்தான் வாங்கும் என்பது பேராசிரியரின் கட்சி.

"இன்னாடி இது, புளி விக்கத்தான் தரகருன்னா இதுக்குமா? நேரா குடுத்துப் பாரு" என்றாய் நீ.

ஆய்வகத்தில் தங்கக் கம்பி இல்லை. ஒடுகத்தூரில் வாங்கிய கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காதில் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டாய். ஆசாரி அதைக் கம்பியாக இழுத்துத் தந்தார். சாற்றில் வைத்தேன். மின்னோட்ட மானியின் முள் நகர்ந்தது. ஐயோ, எப்படிக் குதித்தேன்!

பேராசிரியர் சாற்றைக் கொதிக்க வைத்து ஊற்றச் சொன்னார். வெந்தால் நொதி செத்துவிடும், முள் நகரக் கூடாது. நகர்ந்தது.

"நகைத் தங்கத்துல செம்பு இருக்கும்மா, அதுவே முள்ளை நகர்த்தும். இதெல்லாம் உங்கம்மா கம்மலோட வேலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வூட்டுக்கு வந்து, உன் தங்கம் சுத்தமில்லையாம் என்று அரைகுறையாகச் சொல்லித் தொலைத்தேன். "என் கம்மலு கலப்படமாடி?" என்று படுக்கையில் விழுந்த பிறகும் கேட்டாய். எந்த நகைக்கும் செம்பு சேர்த்தால்தான் உறுதி. கொதிக்கவைத்துப் பார்க்காதது என் தப்பு. இதைச் சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை? நீ கேட்டுக்கொண்டேதானே கண்ணை மூடினாய்?

போன வாரம் செம்பு கலக்காத தங்கக் கம்பி வந்தது. பச்சைச் சாற்றுக்கு முள் நகர்ந்தது, வெந்த சாற்றுக்கு அசையவில்லை. ஏழு தடவை பார்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது, உண்மைதான். ஆனால் வாங்குகிறது அம்மா, தரகர் இல்லாமல் நேராக வாங்குகிறது!

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆய்வேடு தட்டச்சுக்குப் போகிறது. "அந்தக் கம்மல் கதைய மட்டும் எடுத்துடும்மா, அசிங்கமா இருக்கும்" என்கிறார் பேராசிரியர்.

"எடுக்க மாட்டேன் சார்" என்றேன், முகத்துக்கு நேராக. பட்டம் தள்ளிப்போகுமாம். போகட்டுமே!

முதல் கம்பி என் தாயின் கம்மல், அது நல்ல தங்கம், சோதித்தவள் செய்த தப்பு என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு எழுத்தையும் மாற்ற விடமாட்டேன். இது சத்தியம்.

நீ மூளிக் காதோடு படிக்கவைத்த மகள்,
மல்லிகா