கல்லின் மேல் ஒரு மஞ்சள் வட்டம்

மார்ச் 3
காலையில் அளந்தேன். பதினோரு மில்லிமீட்டர். ஆற்றங்கரையிலிருந்து இந்தக் கல்லைத் தூக்கி வந்தபோது ஏழு. ஆறு வருடத்தில் நான்கு! கல்மேல் ஒட்டி வளரும் இந்தக் கல்பாசிக்கு அவசரம் என்பதே கிடையாது. மஞ்சள் வட்டம், ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாகச் சுருக்கம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து எனக்குக் கண் இப்படிப் பழகிவிட்டது. எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் திருப்தி.

இவர் பால்கனியில் எட்டிப் பார்த்தார். "கல்லு நல்லாயிருக்கா?"

"சௌக்கியம்," என்றேன்.

கல்யாணமாகி எட்டு மாதம். இருவருமே நாற்பதைத் தாண்டித்தான் கட்டிக்கொண்டோம். முப்பத்திரண்டு கற்களோடுதான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், பின்னால் பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

மார்ச் 9
மழை. தவிட்டு நிறக் கல் நனைந்ததும் ஒரு பச்சைக் கோடு தெரிகிறது. காய்ந்தால் காணோம். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் டீ ஆறிப்போனது.

மார்ச் 14
அக்கா வந்திருந்தாள். சோபாவில் உட்கார்ந்ததும் கல் குத்திவிட்டது (நான் வைத்து மறந்ததுதான்). "கல்லோட குடும்பம் நடத்துறவளுக்குப் புருஷன் எதுக்குடி?" என்று பொரிந்தாள்.

"முப்பத்து மூணாவது கல்லா என்னையும் சேத்துக்கிட்டாங்க," என்றார் இவர். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷர்தான் கிடைத்திருக்கிறார் எனக்கு.

மார்ச் 22
எல்லாம் போச்சு.

வேலை முடிந்து வந்தால், பால்கனியில் துண்டு விரித்து முப்பத்திரண்டும் வரிசையாக, பளபளவென்று. இவர் சலவைக் கடைக்காரர். யாராலும் போக்க முடியாத கறையைப் போக்குவார் என்று பெயர். என் பிறந்தநாளுக்காக, எனக்குத் தெரியாமல், எல்லாக் கற்களையும் கறை மருந்தில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"இந்த மஞ்சக் கறைதான் ரொம்ப அடம் புடிச்சுது. விட்டேனா பாரு!" முகமெல்லாம் பல்.

கறையாம்.

கத்தினேன். அது உசுருங்க, ஆறு வருஷமா வளருது, உங்களுக்குக் கண்ணு இல்லையா - அதோடு விட்டிருக்கலாம். "நான் தனியாவே இருந்திருக்கணும்" என்றும் சொல்லித் தொலைத்தேன். ஐயோ, அதை ஏண்டி சொன்னே?

மார்ச் 23
இவர் என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, நான் எழுவதற்குள் கடைக்குப் போய்விட்டார்.

மார்ச் 24
இந்த வீடு மறுபடியும் ஒற்றை ஆள் வீடாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. மதியம் கடைக்கே போனேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"தினமும் நான் அளக்குறதைப் பாத்தீங்கல்ல?"

"நீ கல்லைத்தான் அளக்குறேன்னு நெனச்சேன்."

"கல்லு எங்கேயாவது வளருமா?"

"அதான் எனக்கும் புரியலை. கேட்டா சிரிப்பியோன்னு விட்டுட்டேன்."

சிரித்தேன்தான். பிறகு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேனா? எட்டிப் பார்த்தவரை 'சௌக்கியம்' சொல்லி அனுப்பிவிட்டேன். வட்டம் போனது அவர் கையால் என்றால், பாதிப் பழி என்மேல். அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். "சட்டை தீயுது, நகரு," என்றார். அப்பாடா!

ஏப்ரல் 6
இருவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். கல்பாசி படர்ந்த ஒரு பாறைமேல் குப்புறப் படுத்துவிட்டார். "காலர்ல வேர்வை படிஞ்சா ஓரம் இப்படித்தான் சுருங்கும். ஆனா இது வெளிப்பக்கமா நகருது!" இத்தனை வருடத்தில் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியதில்லை.

மே 19
கால் வலி. கற்கள் சௌக்கியம்.

ஜூன் 11
சலவைக் கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள். போனதும் பெயின்டர் என்னிடம் முறையிட்டார்: "பின்சுவர்ல ஒரு எடத்தைத் தொடவே விடமாட்டேங்குறாரும்மா. என்னன்னு கேளுங்க."

போய்ப் பார்த்தேன். புதுவெள்ளைக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சுவர். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில், துணிக்குக் குறி போடும் மையில், இவர் கையெழுத்து: இன்றைய தேதி, 'கால் இஞ்ச்', அதற்குக் கீழே 'கறை அல்ல'.

கால் இஞ்ச் தப்பு. என் கண்ணுக்கு எட்டு மில்லிமீட்டராவது இருக்கும். இவர் பின்னால் வந்து நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா அளந்திருக்கீங்க," என்றேன்.