ஏழு தண்ணீர் கழுவிய அரிசி

5-11-46, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மலை கண்ணுக்கே தெரியவில்லை. பள்ளிக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

வேலை: மிளகு பொடிக்க. தொட்டில் சேலை துவைக்க. அரிசி புடைக்க.

அரிசி, தங்கை எஸ்தரின் புருஷன் ரேணிகுண்டாவிலிருந்து ரயிலில் கொண்டுவந்தது. மில்லில் தீட்டிய பச்சரிசி, வெள்ளை வெளேர். ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிறது, என் தங்கைக்கு இது! ஏழு தண்ணீர் கழுவி, கஞ்சியைச் சொட்டு விடாமல் வடித்து, மிளகு ரசம். பருப்பு, கீரை, கறி கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குத் தொண்ணூறு நாள் பத்தியம் என்றால் தொண்ணூறு நாள்தான்.

எதிர்வீட்டு கன்னியம்மா, தறிக்காரர் மனைவி: "நாப்பது நாளோட வுட்டுடலாமேக்கா. கொஞ்சம் கேவுரு கூழாவது குடு."

உன் வேலையைப் பார் என்றேன். எஸ்தரின் மூத்த பிள்ளை மூன்றாம் மாதம் தொட்டிலிலேயே போனது. அந்த முறை எழுபதாம் நாள் திருட்டுத்தனமாகக் கருவாடு தின்றாள். அதனால்தான். இந்த முறை விடுவேனா?

7-11, வியாழன்

மழை. விறகு நனைந்து ஒரே புகை.

எ.வுக்குக் கால் மரத்திருக்கிறது. "பஞ்சு மேல நடக்கறாப்பல இருக்குதுக்கா." உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சோம்பேறி என்று திட்டினேன். பிறகு கணுக்காலைப் பார்த்தேன். வீக்கம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. பயமாக இருக்கிறது.

அவளுடைய இரண்டரை மாதப் பையனுக்குக் குரல் கம்மல். பால் கக்குகிறான். சளிதான். வசம்பு சுட்டு நாக்கில் தடவினேன்.

பரீட்சைத் தாள் திருத்தவில்லை.

9-11, சனி

எ.வை ஜட்காவில் ஆஸ்பத்திரிக்கு. ஈரக் காற்று என்று பையனைக் கன்னியம்மாவிடம் விட்டுப் போனோம்.

டாக்டரம்மா சின்னச் சுத்தியால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவே இல்லை. என்ன சாப்பாடு என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன், ஏழு தண்ணீர் உட்பட.

சீட்டில் எழுதினார்: பெரிபெரி.

"சிலோன்ல இருந்தப்ப நிறைய பார்த்திருக்கேன். சிங்களத்துல பெரின்னா முடியாதுன்னு அர்த்தம். அதையே ரெண்டு தரம் சொல்றது. முடியாது, முடியாது. அதுலருந்துதான் பேர் வந்துதுன்னு சொல்லுவாங்க."

எ. கட்டிலில் இருந்து, "ஆங், அதேதான்" என்றாள்.

தவிட்டோடு ஒட்டிய வைட்டமின் உடம்பில் இல்லாததால் வருகிற நோயாம். "மில்லு பாதிய எடுத்துடுச்சு. மீதிய நீங்க கழுவி, வடிச்சு, கொட்டிட்டீங்க. தாய்ப்பால்தானே குடுக்கறாங்க? குழந்தை குரல் எப்படி?"

"கம்மியிருக்குதுங்க. சளி."

எழுந்துவிட்டார். "சளி இல்லம்மா. பால்லயே சத்து இல்ல. மூணாம் மாசம் இதயம் திடீர்னு நின்னுடும். ஓடிப்போய்க் கொண்டாங்க."

மூன்றாம் மாதம். போன முறையும் நான்தான் சமைத்தேன். கருவாடு இல்லை. நான்.

அதே நாள், மதியம். ஆஸ்பத்திரி வராந்தா

உள்ளே ஊசி போடுகிறார்கள். என்னை விடவில்லை. சும்மா உட்கார முடியாமல் எழுதுகிறேன்.

இருக்கிற மருந்து தாய்க்கும் பிள்ளைக்கும் இன்றைக்குப் போதுமாம். மீதி மெட்ராஸிலிருந்து வர வேண்டும். தாய்ப்பால் நிறுத்தியாயிற்று. ஆட்டுப்பாலுக்குச் சொல்லியனுப்பினேன். எ.விடம் மூத்ததைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கன்னியம்மாவிடமிருந்து பையனை எடுத்துக்கொண்டு வரும்போது ஜட்கா பள்ளத்தில் ஏறி இறங்கி ஒரே உலுக்கல். பையன் என் மடியில். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தங்கமான புள்ளமா. இம்மாந்தூரம் வந்துகினு கீறோம், ஒரு அழுக கூட இல்ல."

குனிந்து பார்த்தேன். முகம் சிவந்து, வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் ஓட அழுதுகொண்டிருந்தான். சத்தம்தான் வரவில்லை.