சின்னவன் குடுத்த பந்து

1967 ஆகஸ்ட் 12, சனி. திருகோணமலை.

இண்டைக்கு எங்கட ஊர் மைதானத்திலையே கொழும்பு அணிக்காக விளையாடினனான். முடியிற நேரம், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். பந்து என்ர காலில இருந்தது. பின்னுக்கிருந்து "சின்னவா, இஞ்ச தா!" எண்டு ஒரு குரல். திரும்பிப் பாக்காமலே தட்டி விட்டிட்டன்.

கூப்பிட்டது சலீம். எங்கட குசினியில சோறு திண்டு வளந்தவன், இண்டைக்கு எதிரணியான எங்கட ஊர் அணியில. அவன் அதைக் கொண்டு ஓடிக் கோல் அடிச்சிட்டான்.

"நீ எந்தப் பக்கம்?" எண்டு கப்டன் கத்தினான். கண்டி, காலி, கொழும்பு எண்டு எத்தினை அணிக்குக் கோல் அடிச்சனான். எல்லா இடத்திலயும் நான் முதுகில எழுதின ஒன்பதாம் நம்பர்தான். அம்மா போனபிறகு, இண்டைக்கு வரைக்கும் சின்னவன் எண்டு ஆரும் கூப்பிடேல்லை.

ஆட்டம் முடிஞ்சபிறகு சலீம் வந்து, "கோவிக்காத மச்சான்" எண்டான். வீட்ட வா எண்டுவான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். மூதூருக்குப் போற கடைசி லோஞ்சிப் படகு எண்டு துறைமுகப் பக்கம் ஓடிட்டான்.

சொந்த ஊரில விடுதிக் கட்டிலில கிடக்கிறன். தெரியாமக் குடுத்திட்டன் எண்டு கப்டனுக்குச் சொல்லியாச்சு. இன்னொருக்கா அந்தக் குரல் கூப்பிட்டால், தெரிஞ்சே குடுப்பன்.