போர்வையை இழுத்துவிட்டேன்

என் வீட்டுக்காரருக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்துவிடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

சிரிக்காமல் படியுங்கள். ஐம்பத்தாறு வயதில் எனக்கு சினிமாவில் வேஷம் கிடைத்திருக்கிறது! இங்கே நான் வேலை பார்க்கும் லாண்டரிக்குத் துணி போடும் சினிமாக்காரர்கள்தான் நடித்துக் காட்டக் கூப்பிட்டார்கள். செத்துக் கிடக்கும் புருஷனைப் பார்த்து அழ வேண்டுமாம். நீங்கள் அங்கே குத்துக்கல் மாதிரி இருக்கும்போது எனக்கு எங்கிருந்து அழுகை வரும்? பேந்தப் பேந்த விழித்தேன். பிணமாகப் படுத்திருந்தவருக்கோ ஏசி குளிரில் கால் வெடவெடவென்று நடுங்கியது. மனசு கேட்காமல் போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டேன்.

"இதுதாம்மா வேணும்! நீங்க அழவே வேண்டாம்!" என்று டைரக்டர் குதித்தார்.

"ரொம்ப நன்றிக்கா" என்றது பிணம்.

அடுத்த வாரம் ஷூட்டிங். வாஷிங் மெஷின் துவைத்து நின்றுவிட்டது, துணி எடுக்க ஓட வேண்டும். ஒரே ஒரு உதவி. நீங்கள் தூங்கும்போது உங்கள் குறட்டையைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள் மகளிடம். அந்தப் பிணத்தின் பக்கத்தில் போய் உட்காருவதற்கு முன்னால் நான் அதை ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவசரத்தில்,
உங்கள் சம்சாரம்