பொனற்றில் கருகிய இடம்

ஜூன் 8, ஞாயிறு

வீடு விற்றாகிவிட்டது. செப்ரெம்பர் நடுப்பகுதியில் வெக்ஸ்போர்ட்டை விட்டுப் போகிறோம். மார்க்கம் நகரில் மகள் ஜூலியின் வீட்டுக்குப் பக்கத்தில், அடுக்குமாடியில் ஒரு கொண்டோ. இரண்டு அறை, ஒரு பல்கனி, நிலத்தடியில் ஒரு கார் விட இடம். ஒன்றே ஒன்று.

"அதில எங்கட கொரோலா நிக்கும். மற்றதைப் பற்றி நீங்களே யோசிச்சு முடிவெடுங்கோ" என்றாள் மனைவி அன்ரனெற். முடிவை எடுத்துவிட்டு என்னை யோசிக்கச் சொல்வது அவளுடைய வழக்கம். முப்பத்திரண்டு வருடமாக இப்படித்தான் நான் எல்லா முடிவுகளையும் எடுத்துவருகிறேன்.

மற்றது என்றால் 1968 பொன்ரியாக் ஜி.ரி.ஓ. கார். கூரை திறக்கிற வகை. கடும்பச்சை. கராச்சில் போர்வைக்குக் கீழே நிற்கிறது. இன்று போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

ஜூன் 11, புதன்

ஜூலி வந்து படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டாள். எஞ்சினை மூடும் பொனற்றுக்கு வந்ததும், "அப்பா, அந்தப் பக்கம் வேண்டாம், லைற் சரியில்லை" என்றாள். லைற் நன்றாகத்தான் இருந்தது. அந்த இடம் படத்தில் விழக்கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

ஜூன் 14, சனி

இந்தக் காரை 2003இல் லின்ட்சே பக்கம் ஒரு மாட்டுக்கொட்டிலில் இருந்து இழுத்து வந்தேன். தரையில் ஓட்டை. சீற்றுக்குள் எலிக் குடும்பம். அன்ரனெற் பார்த்துவிட்டு, "இதுக்குக் காசு குடுத்தனீங்களோ, இல்லை அவங்கள் தந்தவங்களோ?" என்று கேட்டாள்.

எஞ்சின் என் வேலை. லொறி மெக்கானிக்காக இருந்தவனுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் உடம்பு? துருவை வெட்டி, தகரம் வைத்து ஒட்டி, தேய்த்து, பெயின்ற் அடித்தவன் என் நண்பன் நவரட்ணம். அடிபட்ட கார் திருத்தும் பொடிஷொப்பில் கிழமைக்கு ஐந்து நாள் மற்றவர்களின் காரைத் தட்டிவிட்டு, சனிக்கிழமை என் கராச்சுக்கு வருவான். ஒன்பது வருடம் சனிக்கிழமைகள். கூலி என்று ஒரு சதம் வாங்கவில்லை. கேட்டால் சிரிப்பான்.

ஒரேயொருமுறை கேட்டான். அவன் மகள் துவாரகாவுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும்.

"என்ர பிள்ளை கலியாணத்துக்கு உந்தக் காரிலதான் ஹோலுக்குப் போகவேணும். நீதான் ஓடவேணும். அதுதான் என்ர சம்பளம்."

"செய்யிறன்ரா" என்றேன்.

அந்தச் சம்பளத்தை நான் கொடுக்கவில்லை. நவமும் நானும் கதைத்து ஏழு வருடம்.

ஜூன் 16, திங்கள்

மழை. கார் கேட்டு ஒருவரும் அழைக்கவில்லை. சந்தோசம்.

ஜூன் 21, சனி

பீற்றர்பரோவில் இருந்து கோர்டன் என்று ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எழுபது வயது இருக்கும். பையில் இருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து, காரின் அடிப்பக்கம் முழுவதும் மெல்ல ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனார். தகரம் இல்லாமல் வெறும் பசையால் நிரப்பியிருந்தால் காந்தம் பிடிக்காது. எல்லா இடமும் பிடித்தது. எழும்பி நின்று, "இதைச் செய்தவர் யார்? இப்படி ஒரு வேலையைப் பார்த்துக் கனகாலம்" என்றார்.

"என் நண்பர்" என்றேன். இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இருந்தார் என்றும் சொல்லவில்லை.

பிறகு பொனற்றுக்கு வந்தார். நடுவிலே, உள்ளங்கை அளவு, பெயின்ற் கொப்பளித்துக் கருகிப்போன இடம். என்ன நடந்தது என்று கேட்டார்.

"பற்றரி அசிட்" என்றேன். வாய் கூசவில்லை.

அவர் நம்பினாரோ தெரியாது. காரை எடுக்கிறேன் என்றார், ஒரு நிபந்தனையில். பொனற்றைச் சரிசெய்து தரவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, முதலில் அடித்தவரே அடிக்கவேண்டும். இந்தப் பச்சை டப்பாவில் வாங்குகிற பச்சை இல்லை, கையால் கலந்தது, வேறு ஆள் அடித்தால் பொனற் தனியாகத் தெரியும் என்றார்.

சரிதான். எனக்கும் அது தெரியும். ஏழு வருடமாக வேறு யாரிடமும் கொண்டுபோகாததற்கு அதுதான் காரணம் என்று எல்லாருக்கும் சொல்லிவந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

தேவாலயத்துக்கு, ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன். இவ்வளவு காலமும் இந்த நாட்குறிப்புக் கொப்பியில் கூட எழுதாமல் விட்டது.

2018 ஜூன். துவாரகாவின் கலியாணம். காலை ஏழு மணிக்கே மெழுகு போட்டுத் துடைத்து, ரிபன் கட்டி, நவம் வீட்டு வாசலில் காரை விட்டேன். சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். சிதறிய துண்டு ஒன்று கதவில் படப்போய்த் தப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீடியோக்காரன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். நான் ரிபனைச் சரிபார்க்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தால் பொனற்றில் நெருப்பு. வெற்றிலை ஒன்றை வைத்து, அதன்மேல் கற்பூரம் எரிகிறது. வெற்றிலை சுருண்டு கருகி, கீழே பெயின்ற் கொப்பளிக்கிறது. பக்கத்தில் தட்டோடு நின்றவள் நவத்தின் மனைவி தவமணி.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். "உங்கட சாமிக்குக் கொளுத்துறதுக்கு என்ர கார்தானோ கிடைச்சது? அறிவு கெட்ட சனங்கள்!" — அவள் மகளின் கலியாண நாளில், அவள் வாசலில், அத்தனை சனத்துக்கும் முன்னால். கூறைச்சேலையோடு துவாரகா படியில் நிற்கிறாள். நவம் வாயே திறக்கவில்லை. நான் ரிபனைப் பிய்த்தெறிந்துவிட்டு ஏறி, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

துவாரகா மச்சான் ஒருவனின் ஹொண்டாவில் ஹோலுக்குப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எத்தனை கோயில் திருவிழாவுக்கு அந்த வீட்டில் கை நனைத்தவன் நான்! எப்பிடி வந்தது அந்தச் சொல்லு? எங்கை கிடந்தது எனக்குள்ள?

முதல் இரண்டு வருடம் அந்தத் தழும்பை எல்லாருக்கும் காட்டினேன், பாருங்கோ என்ன செய்தினம் என்று. பிறகு காட்டுவதை விட்டுவிட்டேன். பிறகு காரை வெளியில் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

கோர்டனின் நிபந்தனையை அன்ரனெற்றிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப போய் நவண்ணையைக் கேளுங்கோ."

"எந்த முகத்தோட போறது?"

"இருக்கிற முகத்தோடதான். ஒவ்வொரு நத்தாருக்கும் நான் கேக் குடுக்கப் போறனான். என்னை ஒருநாளும் வாசலில நிப்பாட்டினதில்லை."

ஏழு வருடம்! தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரும் பயத்தம் பணியாரம் கடையில் வாங்கியது என்று சொல்லித் தந்தாளே, அது தவமணி சுட்டதாம். "உங்களுக்குத்தான் கோவம். எங்களுக்கு வேற வேலை இருந்தது" என்றாள் அன்ரனெற்.

தின்னும்போதே நினைத்தேன், எந்தக் கடைக்காரன் இவ்வளவு ஏலக்காய் போடுகிறான் என்று.

ஜூன் 29, ஞாயிறு

போனேன். நவம் வீட்டுத் தெருவை இரண்டு தரம் சுற்றினேன். திரும்பி வந்துவிட்டேன். பால் வாங்கப் போனதாகச் சொன்னேன். பால் வாங்க மறந்துவிட்டேன். அன்ரனெற் தானே போய் வாங்கிவந்தாள்.

ஜூலை 5, சனி

இம்முறை கொரோலாவில் போகவில்லை. பொன்ரியாக்கில் போனேன். அது இரண்டு தெருவுக்கு முன்னாலேயே கேட்கும். சுற்றிவிட்டு ஓடிவர முடியாது. வேண்டுமென்றேதான் அப்படிப் போனேன்.

நான் எஞ்சினை நிறுத்துவதற்குள் நவம் வெளியே வந்துவிட்டான். இடுப்பில் சாரம், மேலே பனியன். தலை முழுதும் வெள்ளை. என்னைப் பார்க்கவில்லை. நேரே பொனற்றுக்குப் போய், அந்த இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

"ஏன் செய்விக்கேல்லை?"

"உன்னைத் தவிர ஆரு செய்வினம்?"

அதற்குள் தவமணி கதவடிக்கு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "தவமணி, நான் அண்டைக்குச் சொன்னது பெரிய பிழை. பொனற்றில நீங்கள் கற்பூரம் வைச்சது தெரியாமல் செய்த காரியம். நான் சொன்னது அப்பிடித் தெரியாமல் சொன்னதில்லை" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, நவத்தைப் பார்த்தாள். "இப்பவாவது சொல்லுறியளோ, இல்லாட்டி நான் சொல்லவோ?"

நவம் பொனற்றில் இருந்து கையை எடுக்கவில்லை.

"வைச்சது அவள் இல்லை. நான்" என்றான். "காத்துக்குத் தட்டில கற்பூரம் நிண்டுபிடிக்கேல்லை. நேரம் போகுது எண்டு ஐயர் கத்துறார். நான்தான் வெத்திலையை வைச்சுக் கொளுத்தினன். முப்பது வருஷம் பெயின்ற் அடிச்சவன்! பத்திற நெருப்பு என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாதோ? மகளின்ர கலியாணப் பதட்டத்தில மூளை வேலை செய்யேல்லை. நீ அவளைப் பேசினாய். நான் பேசாமல் நிண்டன். வெக்கம். என்ர கையாலயே செய்துபோட்டு… மனிசி பேச்சு வாங்கேக்க பாத்துக்கொண்டு நிண்டன்."

ஏழு வருடமாக அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று நான் நினைத்தேன். அவன் என்னை எதிர்கொள்ள முடியாமல் இருந்திருக்கிறான். நடுவில் இருவருக்குமாகச் சேர்த்து ஏச்சு வாங்கியவள் தவமணி.

"அவர் செய்தது ஒரு பிழை. நீங்கள் சொன்னது வேற. இரண்டையும் ஒண்டாக்கக்கூடாது" என்றாள் அவள். "அந்தச் சொல்லு எனக்கு இப்பவும் கேக்கும் றெமியண்ணை. பொய் சொல்லி என்ன?"

"ஓம்" என்றேன்.

கதவை அகலத் திறந்துவிட்டு, "உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணிக்கு இப்பவும் மூண்டு கரண்டி சீனியோ?" என்று கேட்டாள்.

எனக்குச் சீனி வருத்தம் வந்து நாலு வருடம். அன்ரனெற் அதை அவளிடம் சொல்லவில்லைப் போலிருக்கிறது. சொல்லவில்லை. மூன்று கரண்டி சீனியோடு குடித்தேன்.

ஜூலை 12, சனி

நவம் பொனற்றைக் கழற்றித் தன் கராச்சுக்குக் கொண்டுபோய் மூன்று நாளாயிற்று. அந்தப் பச்சையின் கலவைக் கணக்கைக் கடதாசி மட்டையில் எழுதிச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறான். இத்தனை வருடமும் அது அங்கேயே தொங்கியிருக்கிறது.

முகமூடியோடு அவன் அடிக்க, நான் வெளியில் நின்று பார்த்தேன். அவன் கை கொஞ்சம் நடுங்குகிறது. துப்பாக்கியைப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. பெயின்ற் துப்பாக்கி. இந்தக் கொப்பியை ஜூலி எப்போதாவது படித்துப் பயந்துவிடக்கூடாது.

விற்காமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வெளியில் சொல்லவில்லை. வைக்க இடமில்லை என்பது ஒரு காரணம். இத்தனை வருடம் வைத்திருந்ததே காருக்காக இல்லை என்பது இன்னொன்று.

ஜூலை 19, சனி

கோர்டன் வந்து காரை எடுத்துப் போனார்.

பொனற்றைப் பல கோணத்தில் குனிந்து பார்த்தார். தழும்பு எங்கே இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. நவத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, அது பற்றரி அசிட் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கலியாணம், வெற்றிலை, கற்பூரம், எல்லாவற்றையும். மனிதர் தலையில் கை வைத்தார். "இதை முதலே சொல்லியிருந்தால் அப்படியே விடச் சொல்லியிருப்பேனே!"

நல்லகாலம், சொல்லவில்லை. பொய் சொல்லி நன்மை விளைந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

துவாரகா குழந்தையோடு வந்திருந்தாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அங்கிள், ஓனஸ்ட்லி, அண்டைக்கு சரியான ஹீற். ஹொண்டாவில ஏசி இருந்தது. ஐ வாஸ் ஃபைன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாதான் ஃபைன் இல்லை" என்றாள்.

கார் புறப்படுமுன், தூரப் பயணம் போகிற கார் என்று தவமணி நாலு தேசிக்காயைச் சக்கரங்களுக்குக் கீழே வைத்தாள். கோர்டன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினாள். காற்று அடித்தது, அணைந்தது. மறுபடியும் கொளுத்தினாள், மறுபடியும் அணைந்தது.

"வையுங்கோ தவமணி. பொனற்றிலயே வையுங்கோ" என்றேன். மனதார.

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? என்ர மனுசன் மூண்டு நாள் நிண்டு அடிச்ச பெயின்ற்!" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் தட்டை என்னிடம் நீட்டினாள், காற்றுக்கு மறைத்துப் பிடிக்கும்படி. இரண்டு கையாலும் பிடித்தேன். மூன்றாம் முறை எரிந்தது.

ஜூலை 20, ஞாயிறு

கராச்சில் எண்ணெய்க் கறை மட்டும். கழுவவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சாமான் கட்டுகிறோம். மத்தியானம் தொலைபேசி. அன்ரனெற்றுக்கு என்று நினைத்து அவளிடம் கொடுக்கப் போனேன்.

"இல்லை, உங்களோடதான்" என்றது தவமணியின் குரல். "ஞாயிற்றுக்கிழமை துவாரகாவின்ர பிள்ளைக்கு முதலாம் பிறந்தநாள். ஹோலில. எங்கட வான் திருத்தக் குடுத்திருக்கு. என்னையும் அவரையும் வந்து ஏத்திக்கொண்டு போறியளோ?"

"ஓம். எத்தினை மணிக்கு?"

"அஞ்சரைக்கு. விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கொரோலாவைக் கழுவி மெழுகு போட்டேன். உள்ளேயும் துடைத்தேன். அன்ரனெற், "பழைய கொரோலாவுக்கு ஏன் உந்த மெழுகு?" என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு துணியை எடுத்தாள்.

நாலு ஐம்பதுக்கே அவர்கள் வாசலில் போய் நின்றோம். மணி அடிக்கவில்லை. நவம் யன்னலால் எட்டிப் பார்த்து, இன்னும் நேரமிருக்கு என்று கையைக் காட்டினான். பரவாயில்லை, நிற்கிறோம் என்று நானும் காட்டினேன்.

ஐந்தரைக்குத் தவமணி பட்டுச்சேலையோடு வந்தாள், பின்னால் நவம். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டேன். சேலைத் தலைப்பு கதவில் அகப்படாமல் பார்த்து மூடினேன். ஹோல் வரைக்கும் காரை மெதுவாகத்தான் ஓட்டினேன்.