நாற்பத்தொரு தடவை

ஜூன் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

சளி குறைந்ததா? போன் செய்தால் எடுப்பதில்லை. தலைக்குமேல் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

நல்ல சேதி ஒன்று. எழுத்தோவியப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. அச்சகத்தில் முப்பது வருஷம் எழுத்து வரைந்த கை வீண்போகவில்லை. என்ன வரைந்தேன் தெரியுமா? அம்மாவுக்குப் பிடித்த பாட்டு. 'வாசலோடு நிற்காதே காற்றே, உள்ளே வந்து உட்காரு.' அந்த ஒரே வரி, நாற்பத்தொரு தடவை. மேலே தடித்த எழுத்து. கீழே வர வர மெலிந்து, கடைசி வரி மயிரிழை. தள்ளி நின்று பார்த்தால் அம்மா முகம்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அவள் பாடப் பாடப் பக்கத்து அறையில் உட்கார்ந்து வரைந்தது. எத்தனை தடவை பாடினாளோ அத்தனை வரி. ஒன்றுகூட நானாகச் சேர்க்கவில்லை. நடுவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவெச்சிருக்கணும்" என்றார்.

பிரதி ஒன்று அனுப்பியிருக்கிறேன், கூடத்தில் மாட்டு. அவள் போய் ஐந்து மாதமாகிறது, தனியாக இருக்க முடியவில்லை. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவை.

ஆசிகளுடன்,
அப்பா

ஜூன் 11

அப்பாவுக்கு,

படம் வந்தது. நாற்பத்தொன்றையும் எண்ணினேன். எண்ணி முடித்ததும் வாந்தி எடுத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எடுத்தேன்.

பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சு போனது, பாட்டு மட்டும் தங்கியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் துணி நனைந்தாலும் அந்த வரியைப் பாடு, ஆள் வரும் என்று அவளைப் பழக்கியது நான். உங்களிடமும் சொன்னேன். கதவில் எழுதியும் ஒட்டினேன். அந்தச் சனிக்கிழமை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்திருந்த அக்காவுக்கு லீவு. சாயங்காலம் நான் வந்தபோது அம்மாவின் முதுகு வரை மலம் காய்ந்து அப்பியிருந்தது. படுக்கைப் புண்ணுக்குள்ளும் போயிருந்தது. வெந்நீர்த் துணியால் ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தேன். இப்போதுதான் ஆனது என்றீர்கள். நானும் நம்பினேன்.

அவள் பாடவில்லை அப்பா, கூப்பிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போனதைத்தான் மயிரிழை எழுத்து என்று பீற்றிக்கொள்கிறீர்கள். அதற்கு ஒரு பரிசு வேறு.

கதவில் ஒட்டியது மறந்துவிட்டதா? பூசி மெழுகாமல் அதை மட்டும் எழுதுங்கள்.

மகள்

ஜூன் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெற்ற தகப்பனைக் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் உன்னிடம் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. மறக்கவில்லை. இரண்டாம் தடவை பாடியபோது எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். ஒரே நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தச் சுத்தம் செய்வதெல்லாம் ஆம்பளைக்கு வராது, அம்மாவுக்கே தெரியும். நீ சாயங்காலம் வந்துவிடுவாய். அதுவரை காதில் விழுவதை என்ன செய்வது? பேனாவை எடுத்தேன்.

ஆனால் எழுத எழுத நன்றாக வந்தது, பாப்பா. அப்புறம் அவள் நிறுத்திவிடக் கூடாதே என்றுகூட இருந்தது.

எனக்கு அவள்மேல் பாசமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. இருபத்தெட்டாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அப்பா

ஜூன் 24

அப்பாவுக்கு,

மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

இரண்டு நாளாகக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன். அம்மாவைத் துடைத்த கைதான் இது. அன்றைக்கு அருவருக்கவில்லை. உங்கள் கடிதத்தைத் தொட்டதற்கு அருவருக்கிறது.

ரயில் சீட்டை ரத்து செய்துவிடுங்கள். வீட்டைக் காலி செய்ய வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் பேசிவிட்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து உங்களுடனேயே தங்குவார். சமைப்பார், துவைப்பார். நீங்கள் விழுந்துவிட்டால் உங்களையும் முகம் சுளிக்காமல் துடைத்துவிடுவார். ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்துவிடுவார்.

நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் மகள்