புது நிலத்துக்குப் போனவர்கள்

சாங்கே, சின் பகுதி, செனகல்
20 ஏப்ரல் 1976

அன்புத் தங்கச்சி தெனிங்குக்கு,

அக்கா திபோர், பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளைகள் இருவரும் நலம். நம்மவரும் நீயும் நலமா?

ஜனக்கணக்கெடுக்க வந்தார்கள். வீட்டில் யார் யார் என்றதும் அவர் பெயரை முதலில் சொன்னேன். “ஜெகான் இளைய சம்சாரத்தோட சர்க்கார் குடுத்த புது நிலத்துக்குப் போயி மூணு வருஷம் ஆச்சுங்கிறீங்க. அவரை அங்கதாம்மா எழுதணும்” என்றான் அந்தத் தம்பி. “கூப்பிட்டுக்கறேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கார். எழுதிக்கோ” என்றேன். எழுதவில்லை.

மாமனார் நிலத்தைக் கொழுந்தன்மார் பிரித்துக்கொண்டார்கள். நம் பங்கில் தரிசு போட இடமில்லை. வருஷா வருஷம் கம்பே விதைத்து மண் ஓய்ந்துவிட்டது. இந்த ஊரில் பிள்ளை பிறப்பதற்கு மட்டும் குறைவில்லை.

காடு வெட்டி முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னாரே. கேட்டு எழுது.

அக்கா
திபோர்

புதுநிலக் குடியிருப்பு, கும்பெந்தும் அருகே
2 பிப்ரவரி 1977

அன்புள்ள அக்காவுக்கு,

தெனிங்கின் வணக்கம். இங்கே அனைவரும் சுகம். காடு வெட்டியாயிற்று, வேர்க்கட்டைகள்தான் பாக்கி. நிலக்கடலை நன்றாகக் காய்த்தது. நான் முழுகாமல் இருக்கிறேன்.

கேட்டேன் அக்கா. இன்னும் ஒரு மழை போகட்டும் என்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
தெனிங்

சாங்கே
11 நவம்பர் 1984

தங்கச்சிக்கு,

மழை இந்த வருஷமும் பொய்த்துவிட்டது. பெரியவன் லத்தீர் டாக்கரில் மூட்டை தூக்குகிறான். சின்னவனும் போய்விட்டான். போகும்போது, “இந்த மண்ணைக் கட்டிக்கிட்டு நீயே அழு” என்றான். பேச்சுக்குச் சொன்னதுதான்.

ஒரு மழை என்றவருக்கு எட்டு மழை போய்விட்டது. அவர் இந்தப் பக்கம் வரவும் இல்லை. இனி நான் கேட்கப் போவதில்லை. நீ பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

திபோர்

புதுநிலக் குடியிருப்பு
9 மார்ச் 1988

அக்கா,

பெண்கள் வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டேன். இது என் கையெழுத்து.

நம்மவர் தவறிப்போனது உங்களுக்குத் தெரியும். எட்டு நாள் காய்ச்சல். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கடலை நன்றாகக் காய்த்தது என்று எழுதினேனே, அந்த அறுவடையில் அவர் உங்களைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. ஒரு மழை போகட்டும் என்றது என் வார்த்தை. வர மாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டதாக அவரிடம் சொன்னேன். “கூப்பிட்டும் வராதவ வாசலை இனி மிதிக்க மாட்டேன்” என்றார். கடைசிவரை மிதிக்கவில்லை.

அங்கே இருந்தவரை உங்கள் அடுப்பில்தான் சமைத்தேன். இங்கேதான் முதன்முதலாக எனக்கென்று ஒரு வீடு. அதை விட்டுக்கொடுக்க மனசில்லை. வேறு காரணம் கிடையாது.

நாற்பது குடும்பம் இருந்த இடத்தில் இப்போது எண்பது. இந்த மண்ணும் தேய்ந்துவிட்டது. பத்து வயது மகள் டாக்கரில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறாள். நான் தனியாக இருக்கிறேன்.

தெனிங்

சாங்கே
30 ஏப்ரல் 1988

தெனிங்குக்கு,

உன் கடிதத்தைப் புது வாத்தியார் படித்தார். நடுவில் நிறுத்தி, “மேல படிக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். படிக்கச் சொன்னேன்.

அவருக்கு என்ன குறை வைத்தேன் என்று இத்தனை வருஷம் யோசித்தேன். இனி அந்த வேலை இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னால் பொய்யாகிவிடும்.

கொழுந்தன்மார் மூவரும் குடும்பத்தோடு டாக்கர் போய்விட்டார்கள். அப்போது முழம் போட்டுப் பிரித்த நிலம் முழுவதும் இப்போது என் தலையில். ஒருத்தி களையெடுத்து முடியாது. மழைக்கு ஆறு வாரம் இருக்கிறது. வருவதானால் அதற்கு முன்னே வா. மகளையும் அழைத்து வா.

என்னைக் கூப்பிடச் சொன்னபோது அவர் என்ன வார்த்தை சொன்னார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதாதே. வாத்தியார் வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

திபோர்